மார்க்கு என்ன சொல்கிறது? வேலூர் மாவட்டப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்து அரசுப் பள்ளிகளில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது ஒரு பள்ளியின் மேலாண்மைக் குழுவில் கல்வியாளர் என்ற முறையில் உட்கார்கிறேன். கூட்டத்துக்குள் யாரும் அதிகம் வாய் திறப்பதில்லை. எல்லாம் முடிந்து செருப்பு மாட்டும்போதுதான் கேள்விகள் வரும். பீடி சுற்றும் அம்மா, தோல் கம்பெனிக்குப் போகும் அப்பா, பேரனை வளர்க்கும் ஆயா என்று பலரும் வாசலில் நிறுத்திக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். அங்கே நின்றபடி அவசரமாகச் சொன்ன பதில்களைக் கொஞ்சம் நிதானமாக எழுதியிருக்கிறேன்.

ஒரு வருஷத்தில் எத்தனை பரீட்சை சார்? எல்லாமே முக்கியமா?

பிள்ளைக்கு எல்லாமே ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு. வகுப்பில் டீச்சர் வைக்கும் ஸ்லிப் டெஸ்ட், அலகுத் தேர்வு, இடைத்தேர்வு எல்லாம் அந்த வகுப்புக்குள்ளேயே பயன்பட வேண்டியவை. காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு மூன்றும் பொதுவான அட்டவணைப்படி நடப்பவை. பத்தாவதுக்கும் பிளஸ் டூவுக்கும் பொங்கல் கழிந்ததும் திருப்புதல் தேர்வுகள், அப்புறம் அரசுப் பொதுத்தேர்வு. பிளஸ் ஒன்னுக்கு 2018 மார்ச்சில் தொடங்கிய பொதுத்தேர்வை 2025-26 கல்வியாண்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். இவை தவிர, பிள்ளைக்கு மார்க்கே போடாத ஆய்வுத் தேர்வுகள் சில உண்டு. அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

எது முக்கியம் என்று என்னைக் கேட்டால் ஸ்லிப் டெஸ்ட் என்பேன். பொதுத்தேர்வில் தெரியவரும் குறையைத் திருத்த நாள் இருக்காது. போன வெள்ளிக்கிழமை வைத்த இருபது மார்க் டெஸ்டில் தெரியும் குறையைத் திங்கட்கிழமையே சரிசெய்யலாம்.

மாவட்டத்தில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? யாரிடம் போய்க் கேட்பது?

மாவட்டத்துக்கு மேலே முதன்மைக் கல்வி அலுவலர், அதாவது சி.இ.ஓ. அவருக்குக் கீழே மாவட்டக் கல்வி அலுவலர்கள். 2022-ல் வந்த மாற்றத்துக்குப் பிறகு தொடக்கக் கல்விக்கு, இடைநிலைக் கல்விக்கு, தனியார் பள்ளிகளுக்கு என்று தனித்தனியாகப் பார்க்கிறார்கள். வேலூர், காட்பாடி, அணைக்கட்டு, கணியம்பாடி, கே.வி.குப்பம், குடியாத்தம், பேரணாம்பட்டு ஆகிய ஏழு ஒன்றியங்களிலும் வட்டாரக் கல்வி அலுவலரும், வட்டார வள மையத்தில் ஆசிரியப் பயிற்றுநர்களும் உண்டு. பொதுத்தேர்வை நடத்துவது சென்னையிலுள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககம்.

ஆனால் முதலில் போக வேண்டியது வகுப்பாசிரியரிடம், அடுத்து ஹெச்.எம்.மிடம். சி.இ.ஓ. ஆபீசுக்கு மனு எடுத்துக்கொண்டு போனவர்களில் பாதிப்பேரின் வேலை ஹெச்.எம். அறையிலேயே முடிந்திருக்கும். அங்கே முடியாவிட்டால் 14417 என்ற பள்ளிக்கல்வி உதவி எண்ணுக்குப் பேசலாம்.

என் பொண்ணை 'அரும்பு'ன்னு எழுதியிருக்காங்க. மக்குன்னு அர்த்தமா?

இல்லம்மா. 2022 ஜூனில் ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை 'எண்ணும் எழுத்தும்' கொண்டுவந்தார்கள். அடுத்த வருஷம் அதை ஐந்தாம் வகுப்பு வரை நீட்டினார்கள். கொரோனாவில் பள்ளி மூடிக்கிடந்தபோது விட்டுப்போன வாசிப்பையும் கணக்கையும் மீட்பதற்காக வந்த ஏற்பாடு இது. டீச்சர் ஒவ்வொரு பிள்ளையையும் உட்காரவைத்துச் சோதித்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரிக்கிறார். அரும்பு என்றால் எழுத்தும் எண்ணும் இன்னும் கைக்கு வரவில்லை, அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது மட்டும்தான். ஒரே வகுப்பில் மூன்று நிலைப் பிள்ளைகளும் இருப்பார்கள். பயிற்சி நூலில் அவரவர் நிலைக்கு ஏற்ற பயிற்சி இருக்கும்.

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஜூலையில் அரும்பாக இருந்த பிள்ளை டிசம்பரிலும் அரும்பாகவே இருக்கிறதா? அப்படியிருந்தால் போய்க் கேளுங்கள். "ஏன் அரும்பு" என்று கேட்காதீர்கள். "மொட்டுக்கு வர என்ன சொல்லிக் கொடுக்கிறீர்கள், வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்" என்று கேளுங்கள். டீச்சர் செயலியில் பதிவு செய்வதோடு வேலை முடிந்துவிடக் கூடாது. பதிவுக்கே நேரம் போய்விடுகிறது என்று ஆசிரியர்கள் வருத்தப்படுவதும் உண்மைதான். மாலையில் சிக்னல் கிடைக்காமல் பள்ளி வேப்பமரத்தடியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற டீச்சர்களை நானே பார்த்திருக்கிறேன்.

எட்டாவது வரைக்கும் ஃபெயிலே கிடையாதே. அப்புறம் எதுக்கு பரீட்சை?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நிறைய நேரம் செலவழிப்பேன்.

2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தக் கூடாது, வெளியேற்றவும் கூடாது என்றது. 2019-ல் சட்டத்தைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைத்து நிறுத்திக்கொள்ளலாம் என்று மாநிலங்களுக்கு வழிவிட்டார்கள். தமிழ்நாட்டிலும் அந்த இரண்டு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, 2020 பிப்ரவரியில் அரசு அதைத் திரும்பப் பெற்றது. அந்த இடைப்பட்ட மாதங்களில் பத்து வயசுப் பிள்ளைகள் ஹால் டிக்கெட்டை நினைத்து அழுததைப் பார்த்தவன் நான். திரும்பப் பெற்றது சரியான முடிவு. மத்திய அரசு தன் பள்ளிகளில் 2024 டிசம்பரில் கட்டாயத் தேர்ச்சியை எடுத்தபோதும் தமிழ்நாடு தன் முறையை மாற்றவில்லை.

அப்படியானால் பரீட்சை எதற்கு? ஏழாம் வகுப்பில் ஒரு பையனின் தாளைச் சொல்கிறேன். கழித்தல் கணக்கு ஐந்து, ஐந்துக்கும் பூஜ்ஜியம். 43-லிருந்து 17 போனால் 34 என்று எழுதியிருந்தான். 62-லிருந்து 38 போனால் 36. 81-லிருந்து 25 போனால் 64. மார்க் ரிஜிஸ்டரில் ஏறியது பூஜ்ஜியம் மட்டும்தான். தாளை விரித்து வைத்துப் பாருங்கள். 3-லிருந்து 7 போகாது, அதனால் 7-லிருந்து 3-ஐக் கழித்து 4 போட்டிருக்கிறான். 4-லிருந்து 1 போனால் 3. ஆக 34. ஒவ்வொரு கணக்கிலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறான். ஐந்திலும் அதே தப்பு, ஒரு இடத்தில்கூட மாறவில்லை. அவனுக்குக் கழிக்கத் தெரியும். பக்கத்துப் பத்தைக் கடன் வாங்க வேண்டும் என்பது மட்டும் தெரியாது. இரண்டாம் வகுப்பில் அந்தப் பாடம் நடந்த வாரம் அவன் ஊரில் இல்லாமல் இருந்திருக்கலாம். தீப்பெட்டிக் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டில் கட்டி, ஒரு கட்டைப் பிரித்துக் காட்டினேன். இரண்டு மாலைதான். அவன் ஐந்து வருஷமாகச் சுமந்துகொண்டிருந்த தப்பு அதோடு போனது.

ஃபெயில் போட்டிருந்தால் அவன் அதே தப்போடு மறுபடியும் ஏழாவது உட்கார்ந்திருப்பான். பாஸ் போட்டுத் தாளைக் கட்டிப் பரணில் போட்டிருந்தால் அதே தப்போடு எட்டாவது போயிருப்பான். இரண்டும் ஒன்றுதான். அதனால் எல்லாரிடமும் சொல்கிறேன்: மார்க்கைக் கேட்காதீர்கள், தாளைக் கேளுங்கள்.

தாளைக் காட்டுவார்களா? ராங்க் கார்டு மட்டும்தானே தருகிறார்கள்?

பள்ளியில் வைக்கும் தேர்வுகளின் திருத்திய தாளைப் பிள்ளைகளிடம் கொடுத்து, தப்பை எடுத்துச் சொல்லித் திரும்ப வாங்குவது எங்கள் காலத்து வழக்கம். இன்றைக்கும் நல்ல ஆசிரியர்கள் அதைச் செய்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தன்று போய், "காலாண்டுக் கணக்குத் தாளைக் கொஞ்சம் பார்க்கணும் மிஸ்" என்று மரியாதையாகக் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கேட்கலாம். வெறுமையாக விட்ட பக்கம் எது, பாதியில் நின்ற விடை எது என்று பார்க்கப் படிப்பு வேண்டியதில்லை.

ஒரு நாள் திடீர்னு வெளியிலிருந்து வந்து வட்டம் கருப்பாக்குற பரீட்சை வச்சாங்க. மார்க்கே வரலையே?

வராது. அது உங்கள் பிள்ளையை மதிப்பிடும் தேர்வு இல்லை, ஊரையும் மாவட்டத்தையும் மதிப்பிடுவது. மத்திய அரசு நடத்தும் தேசிய அடைவு ஆய்வு 2017-லும் 2021-லும் நவம்பரில் நடந்தது. 2024 டிசம்பர் 4-ஆம் தேதி 'பரக்' என்ற பெயரில் 3, 6, 9 வகுப்புகளுக்கு நடந்தது. இதில் எல்லாப் பள்ளியும் வராது, சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுப்பார்கள். மாநில அரசு 2025 பிப்ரவரியில் 3, 5, 8 வகுப்புகளுக்கு 'ஸ்லாஸ்' என்ற மாநில அடைவு ஆய்வை நடத்தியது. எந்த மாவட்டத்துப் பிள்ளைகள் பின்னத்தில் தடுமாறுகிறார்கள், எங்கே பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்பதெல்லாம் இதில் தெரியும். ஆசிரியர் பயிற்சியை அதற்கேற்ப வைக்கலாம்.

இதற்காகப் பிள்ளையைப் பயமுறுத்த வேண்டாம். ஆனால் அன்றைக்கு லீவு போடவும் விடாதீர்கள். ஒரு சின்ன விஷயம்: ஓ.எம்.ஆர். தாளில் ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும் பிள்ளை, வட்டத்தில் வரிசையை விடாமல் கருப்பாக்கிவிடும். அதற்குப் பிறகு எல்லா விடையும் ஒரு வரிசை தள்ளிப் போய்விடும். ஸ்கேலை வரிசைக்குக் கீழே வைத்துக்கொண்டு நிரப்பச் சொல்லிப் பழக்குங்கள்.

'மெல்லக் கற்கும் மாணவர்' பட்டியலில் என் பையன் பேர் இருக்கு. வேற ரூம்ல உட்கார வைக்கிறாங்க.

2025-26-ல் 6 முதல் 9 வரை உள்ள வகுப்புகளுக்கு 'திறன்' என்ற பெயரில் ஓர் ஏற்பாடு தொடங்கியது. அரசுப் பள்ளிகளில் தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் அடிப்படைத் தேர்வு வைத்து, பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக் கொடுப்பது. பத்தாவதில் சிறப்பு வகுப்பு நடத்துவது ரொம்ப காலமாகவே உண்டு. ஆறாவதிலேயே பிடித்துத் தூக்குவது அதைவிட நூறு மடங்கு நல்லது.

பட்டியலில் பெயர் வருவதில் அவமானம் எதுவுமில்லை. ஆனால் பிள்ளைகள் காதுபட அந்தப் பெயரைச் சொல்லி அழைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். "ஏய், ஸ்லோ லேர்னரெல்லாம் எழுந்து வாங்க" என்று வராண்டாவில் கூப்பிட்டால் அடுத்த நாள் அந்தப் பையன் பள்ளிக்கு வருவதில்லை. அப்படி நடந்தால் ஹெச்.எம்.மிடம் சொல்லுங்கள். தனி அறையில் உட்கார வைப்பது அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் என்பதையும், நிலை மாறியதும் திரும்ப வருவான் என்பதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பத்தாவது பாஸ் பண்ண என்ன கணக்கு?

ஐந்து பாடம், ஐநூறு மார்க், பாடத்துக்கு 35. அறிவியலில் மட்டும் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் குறைந்தது 20 மார்க் வாங்க வேண்டும். பிளஸ் டூவில் ஆறு பாடம், அறுநூறு. செய்முறை உள்ள பாடத்தில் எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறை இல்லாத பாடத்தில் எழுத்து 90, அகமதிப்பீடு 10.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் விழுவது பெரும்பாலும் கணக்கில். தாளைப் பாருங்கள்: ஒரு மார்க் 14, இரண்டு மார்க்கில் பத்து எழுத வேண்டும், ஐந்து மார்க்கில் பத்து, கடைசியில் எட்டு மார்க் இரண்டு. அந்த எட்டு மார்க் இரண்டும் செய்முறை வடிவியலும் வரைபடமும். வட்டத்துக்குத் தொடுகோடு வரைவது, வடிவொத்த முக்கோணம் வரைவது, வரைபடத் தாளில் புள்ளி குறித்துக் கோடு இழுப்பது, இவற்றைக் கை பழகிய பிள்ளை 16-ஐ விடாது. பென்சில் கூராக இருக்கட்டும், காம்பஸின் திருகு இறுக்கமாக இருக்கட்டும். தேர்வு அன்று காலையில் காம்பஸ் ஆடிப்போய் வட்டம் முட்டையாக வந்து அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

டிசம்பர் வரை எதுவும் வராத பிள்ளைக்கு இது கைகொடுக்கும். ஒன்பதாவது படிக்கும் பிள்ளைக்கே "இந்த இரண்டை மட்டும் படி, பாஸ் ஆகிடலாம்" என்று சொல்லிக்கொடுப்பதை நான் எதிர்க்கிறேன். பிளஸ் ஒன்னில் கணக்கோ அக்கவுண்டன்சியோ எடுக்கும்போது அந்தப் பிள்ளை நடுத்தெருவில் நிற்கும்.

நம்ம மாவட்டம் ஏன் சார் எப்பவும் கடைசி?

வலிக்கிற கேள்வி. 2024-ல் பத்தாம் வகுப்பில் மாநிலத் தேர்ச்சி 91.55 சதவீதம், வேலூர் 82.07. 2025-ல் மாநிலம் 93.80, வேலூர் 85.44. இரண்டு வருஷமும் கடைசி இடம். பழைய கணக்கோடு ஒப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்து போன பிறகு இருக்கும் வேலூர் இது.

காரணம் ஒன்று இல்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன். அணைக்கட்டு ஒன்றியத்து மலை ஊராட்சிகளான பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை பக்கத்தில் குடும்பமே வேலைக்கு வெளியூர் போகும்போது பிள்ளையும் போய்விடும். பேரணாம்பட்டில் ஒன்பதாவது பையன் தோல் வேலைக்குப் போய் அன்றைக்கே கையில் காசு பார்க்கிறான். குடியாத்தத்தில் பெண்பிள்ளை முறம் நிறைய இலையை மடியில் வைத்துக்கொண்டுதான் பாடம் படிக்கும். பீடிக் கட்டு முடிந்தால்தான் புத்தகம் திறக்கும். வருகைப் பதிவேட்டில் 'ஆ' விழ ஆரம்பித்த மாசத்தைப் பார்த்தாலே எந்தப் பிள்ளை விழப்போகிறது என்று சொல்லிவிடலாம். அரையாண்டு மார்க் வருவதற்கு முன்பே அது தெரியும்.

இந்த எண்ணை மாவட்டம் எப்படிப் பயன்படுத்துகிறது? ரிசல்ட் வந்ததும் ஹெச்.எம்.களை அழைத்து மீளாய்வுக் கூட்டம் நடக்கும். பள்ளிவாரி, பாடவாரி சதவீதம் திரையில் ஓடும். குறைந்த பள்ளிகளிடம் விளக்கம் கேட்பார்கள். அதன் பிறகு காலை, மாலைச் சிறப்பு வகுப்பு, ஒவ்வொரு ஆசிரியரும் சில பிள்ளைகளைத் தத்தெடுப்பது, குறைந்தபட்ச கற்றல் கையேடு. இவற்றால் பலன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சதவீதம் என்பதே தேர்வு எழுதியவர்களை வைத்துப் போடுவது. 2024-ல் மாநிலம் முழுக்க 8,94,264 பேர் எழுதி 8,18,743 பேர் தேறினார்கள், அதைத்தான் 91.55 என்கிறோம். ஹாலுக்கே வராத பிள்ளை அந்தக் கணக்கில் இல்லை. ஒன்பதாவதோடு நின்றுபோன பிள்ளையும் இல்லை. ஆக, இரண்டு பள்ளியை ஒப்பிடும்போது நான் கேட்பது ஒன்றே ஒன்று: ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், அதில் எத்தனை பேர் பத்தாவது தேர்வு எழுதினார்கள்? மலையிலிருந்து வரும் பிள்ளைகளை ஒருத்தர் விடாமல் ஹாலில் உட்காரவைத்து 80 சதவீதம் காட்டிய ஹெச்.எம்., நாலு பேரைக் கழித்துவிட்டு நூறு காட்டியவரைவிட எனக்குப் பெரியவர்.

மாநில அளவில் முதல் மூன்று இடம் என்று பெயர் போடும் வழக்கத்தை 2017-லேயே நிறுத்தினார்கள். நல்ல காரியம். மாவட்டங்களின் வரிசையும் நின்றால் சி.இ.ஓ. முதல் வகுப்பாசிரியர் வரை கொஞ்சம் மூச்சு விடுவார்கள் என்பது என் எண்ணம்.

ஒன்பதாவதுல மார்க் குறைவுன்னு டி.சி. வாங்கிக்கச் சொல்றாங்க.

உடனே கையெழுத்துப் போடாதீர்கள். எனக்குத் தெரிந்த குடும்பத்தில் இது நடந்தது. எந்தப் பள்ளி என்று சொல்லவில்லை. "பத்தாவதுல எங்க பேர் கெட்டுப்போகும், நீங்களா எழுதிக் கொடுத்துடுங்க" என்றார்கள். "பெற்றோர் விருப்பத்தின் பேரில்" என்று ஒரு வரி எழுதி அப்பா கையெழுத்துப் போட்டார். பையன் அடுத்த வாரமே லாரி பட்டறைக்குப் போனான். நான் கேள்விப்பட்டபோது மூன்று மாசம் ஓடிவிட்டது. பிறகு பேசி அரசுப் பள்ளியில் சேர்த்தோம். அந்த மூன்று மாசப் பாடத்தை அவன் கடைசிவரை எட்டிப் பிடிக்கவில்லை.

வெறும் வாய்வார்த்தையாகச் சொன்னால், எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். கொடுக்க மாட்டார்கள். அந்தத் தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு மாவட்டக் கல்வி அலுவலருக்கு மனு எழுதுங்கள். பிள்ளை வேலைக்குப் போகும் நிலை என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கும் சொல்லலாம்.

வீட்டில் உருது, தெலுங்கு பேசுகிறோம். கணக்கு நல்லாப் போடுவான், மார்க் மட்டும் வராது.

குடியாத்தம், காட்பாடி எல்லையோரத்தில் தெலுங்கு, வேலூரிலும் பேரணாம்பட்டிலும் உருது. இப்படிப்பட்ட பிள்ளைகள் எங்களுக்கு நிறைய. கணக்குத் தெரிந்தும் கேள்வி புரியாமல் விடுவார்கள். சோதித்துப் பார்ப்பது சுலபம்: அந்தக் கேள்வியை வீட்டு மொழியில் சொல்லிப் போடச் சொல்லுங்கள். டக்கென்று போட்டால் குறை வாசிப்பில். அப்போது கணக்கு டியூஷனுக்குக் காசு கொடுப்பதில் பிரயோசனமில்லை. 'மீதம்', 'சமமாகப் பங்கிடு', 'எத்தனை மடங்கு' போன்ற நாற்பது ஐம்பது சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அவற்றைத் தனி நோட்டில் எழுதிப் பழக்கச் சொல்லி டீச்சரிடம் கேளுங்கள்.

பையன் வாயால் சொல்கிறான், எழுதினால் எல்லாம் தலைகீழ். சலுகை உண்டா?

உண்டு. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கும் மற்ற மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், ஒரு மணி நேரம் கூடுதல், மொழிப்பாட விலக்கு போன்றவை தருகிறார்கள். மருத்துவச் சான்று வேண்டும். ஹெச்.எம். வழியாக விண்ணப்பம் போக வேண்டும். தேர்வுக்கு ஒரு மாசம் முன்னால் ஓடாதீர்கள். எட்டாவது, ஒன்பதாவதிலேயே வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரைப் பார்த்துவிடுங்கள். அடி வாங்கி வாங்கிப் படிப்பை விட்டவர்களில் இந்தப் பிள்ளைகள் எத்தனை பேரோ என்று இப்போது நினைத்தால் மனசு கேட்பதில்லை. எங்களுக்கு அன்றைக்கு இதைச் சொல்லித்தர ஆளில்லை.

எந்தப் பரீட்சை எழுதினா காசு கிடைக்கும்?

எட்டாவதில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு. அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மனத்திறன் 90 கேள்வி, பாடத்திறன் 90 கேள்வி. தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருஷம் 12,000 ரூபாய். ஒன்பதாவதில் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு; மாவட்டத்துக்கு 50 பையன்கள், 50 பெண்பிள்ளைகள், வருஷம் 1,000 ரூபாய். பிளஸ் ஒன்னில் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. 1,500 பேருக்கு இரண்டு வருஷம், மாசம் 1,500 ரூபாய். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே போட்டுவையுங்கள், கடைசி வாரத்தில் கூட்டம் நெரியும்.

எமிஸ்ல பேர் தப்பா இருக்கு. அப்புறம் பார்த்துக்கலாமா?

கூடாது. எமிஸ் என்பது கல்வித்துறை கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் மாணவர் விவரப் பதிவு. பத்தாவதுக்கான பெயர்ப் பட்டியல் அங்கிருந்துதான் எடுக்கப்படுகிறது. தமிழில் ஒரு எழுத்து, ஆங்கிலத்தில் ஒரு எழுத்து, இனிஷியல், பிறந்த தேதி எல்லாவற்றையும் பிறப்புச் சான்றோடு வைத்து ஒன்பதாவது முடிவதற்குள் சரிபார்த்துவிடுங்கள். மதிப்பெண் சான்றிதழ் அச்சான பிறகு திருத்துவதற்குள் செருப்பு தேய்ந்துவிடும்.

விடைத்தாளை யாரோ எங்கேயோ திருத்துகிறார்கள். நம்பலாமா?

பெரும்பாலும் நம்பலாம். நானே பல வருஷம் திருத்தும் முகாமில் உட்கார்ந்தவன். முகப்புத் தாள் பிரிக்கப்பட்டுவிடும்; யார் தாள், எந்தப் பள்ளி என்று திருத்துகிறவருக்குத் தெரியாது. உதவித் தேர்வாளர் திருத்துவார், கூர்ந்தாய்வு அலுவலர் கூட்டலையும் விட்டுப்போன விடையையும் பார்ப்பார், முதன்மைத் தேர்வாளர் சிலவற்றை மறுபடி பார்ப்பார். இருந்தாலும் மனுஷர் கை. ஏப்ரல் வெயிலில், வேலூர் வெயிலில், மதியத்துக்கு மேல் கண் இருட்டும். அதனால் எதிர்பார்த்ததைவிட ரொம்பக் குறைந்திருந்தால் தயங்காதீர்கள். பிளஸ் டூவில் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நகலைப் பாட ஆசிரியரிடம் காட்டிவிட்டு மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவு செய்யுங்கள். விண்ணப்பிக்கச் சில நாள்தான் கொடுப்பார்கள், ரிசல்ட் அறிவிப்பிலேயே தேதி இருக்கும்.

ஃபெயில் ஆயிட்டா?

அன்றைக்குச் சாயங்காலம் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். திட்டுவதற்கும் பேசுவதற்கும் அப்புறம் நேரம் இருக்கிறது. பேச ஆள் வேண்டுமென்றால் 104, 14416 இரண்டிலும் இருக்கிறார்கள்.

மறுநாள் பள்ளிக்குப் போய்த் துணைத் தேர்வுக்கு விண்ணப்பியுங்கள். ஜூன், ஜூலையில் நடக்கும், விழுந்த பாடத்தை மட்டும் எழுதினால் போதும், தேறினால் அதே வருஷம் பிளஸ் ஒன் சேரலாம். ஒரு வருஷம் வீணாகிவிட்டது என்று சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வருவதும் ரிசல்ட் வருவதும் ஒரே மே மாசம்தான். திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் "எவ்ளோ மார்க்கு" என்று கேட்பார்கள். அந்த ஒரு வாரம் பிள்ளைக்குத் தேர்வைவிடக் கஷ்டம். அவர்களுக்குப் பதில் சொல்லும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தொழில் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு ஐ.டி.ஐ. இருக்கிறது, பத்தாவது தேறியதும் போக வேலூரிலேயே தந்தை பெரியார் பெயரில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது.

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ராங்க் கார்டுல கைநாட்டு வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். என் வகுப்பில் ஒரு பையனுக்கு ஆயாதான் எல்லாம். ராங்க் கார்டோடு திருத்திய தாள்களையும் கொடுத்தனுப்பச் சொல்லிக் கேட்பார். திரும்பி வரும்போது தாளில் சிவப்பு மையால் நான் சுழித்த ஒவ்வோர் இடத்துக்குப் பக்கத்திலும் பீடித் தூள் படிந்த விரல் ரேகை இருக்கும். "இங்க இன்னா தப்பு, படி" என்று விரல் வைத்துக் கேட்பாராம். அவன் படித்துச் சொன்ன பிறகுதான் கார்டில் கைநாட்டு.